முந்நூறுக்குக் கீழே

அக்டோபர் 21

மதியம் ஒரு படகு கரை சேர்ந்தது. மீன் ஏலத்துக்குப் போகும் முன்பே மெமரி கார்டுகள் என் மேசைக்கு வந்துவிட்டன. ஐஸ் தண்ணீரும் சுறா வாடையும் ஊறிய கார்டுகள். துணியால் துடைத்து, ஊதி, மூக்கைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் செருகினேன்.

எங்கள் ஊர்ப் படகுகள் தங்கலுக்குப் போனால் மாதம் தாண்டியும் ஆழ்கடலிலேயே கிடக்கும். அங்கே போன் எடுக்காது. அதனால் ஒவ்வொரு படகிலும் ஒரு பழைய போன் வைத்திருப்பார்கள். யாருக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது ஒரு நிமிடம் பேசிப் பதிந்து வைப்பார்கள். முதலில் பேர், பிறகு வீட்டுப்பேர், பிறகு சேதி. கரைக்குத் திரும்பும் படகு எதிர்ப்பட்டால் கார்டைக் கழற்றி ஒரு டப்பாவில் அடைத்து, கயிறு கட்டி வீசிவிடுவார்கள். அது பங்குக் கோயில் நூலக மாடியில் இருக்கும் எங்கள் ரேடியோ நிலையத்துக்கு வரும். மாலை ஏழு மணிக்குக் 'கடல் தபால்'. அந்த நேரத்தில் ஊரில் ஒரு அடுப்பும் எரியாது.

சேதிகளைச் சுத்தம் செய்து போடுவது என் வேலை. அடியில் எஞ்சின் இரைச்சல், மேலே காற்றின் சீறல், நடுவில் எங்கேயோ மனிதக் குரல். இதுவரை வந்தபடியேதான் போட்டுக்கொண்டிருந்தோம். இன்றுதான் பாண்ட்பாஸ் ஃபில்டர் போட்டுப் பார்த்தேன். முந்நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு சுவர், மூவாயிரத்து நானூறுக்கு மேலே ஒரு சுவர். நடுவில் இருப்பது மட்டும் வரும். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பெர்க்மான்ஸ் ஃபாதர் இது என்ன வித்தை என்று கேட்டார். வழிவலை மாதிரி என்றேன். சின்ன மீன் கண்ணிக்குள் நுழைந்து போய்விடும், பெரிய மீனுக்குத் தலையே நுழையாது, நடுவாந்திர மீன்தான் கழுத்தில் மாட்டும். ஃபாதர் மலையோரத்துப் பங்கிலிருந்து வந்தவர். அதற்கும் புரியாமல் தலையை ஆட்டினார்.

'ஆகத்தம்மாள்' படகிலிருந்து நாலு சேதி. ஸ்ராங்கு டென்னிஸ் அண்ணன் பேசியது கண்ணாடி மாதிரி வந்தது. படகை நடத்துகிறவர் அவர். என் வீட்டுக்காரரும் அந்தப் படகில்தான், எஞ்சின் டிரைவராக. அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அக்டோபர் 23

மழை. சமையலறை ஓட்டில் அதே இடத்தில் ஒழுக்கு. பாத்திரத்தை வைத்துவிட்டு நிலையத்துக்குப் போனேன்.

சிலுவைதாசன் மாமாவுக்குக் கட்டைக்குரல். முந்நூறில் வெட்டினால் அவர் பாதி ஆளாகிவிடுகிறார். இருநூற்றைம்பதுக்கு இறக்கினால் எஞ்சினும் கூடவே உள்ளே வருகிறது. சுவரைச் செங்குத்தாக வைத்தால் எல்லோரும் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிறார்கள். அரை நாள் இதோடு மல்லுக்கட்டி, கடைசியில் சுவரைக் கொஞ்சம் சரிவாக்கி, மிச்ச இரைச்சலைப் பேச்சுக்கு நடுவில் அமுக்கிவிட்டேன். இந்த அளவுகளை 'தங்கல்' என்று பேர் வைத்துச் சேமித்தாயிற்று. இனி எல்லாக் கோப்புகளையும் மொத்தமாகத் தூக்கி உள்ளே போட்டு ஒரு பட்டனை அமுக்கினால் போதும். சுத்தமாகி வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். காது பிழைத்தது.

வீட்டில் என் மாமியார் தினமும் கடல் தபால் முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு என் வரவுக்காக உட்கார்ந்திருக்கிறார். கேட்பது ஒரே கேள்வி. "இன்னைக்கும் இல்லியா?" டிரைவருக்கு வேலை அதிகம் மாமி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அக்டோபர் 24

மீன் இல்லை. முட்டைக் குழம்பு. மாமிக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 27

தேங்காப்பட்டணம் போகும் வழியில் அந்தக் கடையைப் பார்த்தேன். ஷட்டர் இன்னும் மூடித்தான் கிடக்கிறது. இந்தத் தங்கலுக்குப் போகாமல் அவர் அங்கே எஞ்சின் பட்டறை போடுவதாக இருந்தது. பேசி முடித்து, பலகையில் என்ன பேர் எழுதுவது என்பது வரைக்கும் வந்தது. பிறகு டென்னிஸ் அண்ணன் வந்து டிரைவர் கிடைக்கவில்லை என்றார். இவர் பையைத் தூக்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

கிளம்பும்போது நான் வாசலில் நின்று சொன்னது ஒன்றே ஒன்று. "ஒங்க சத்தத்த ஊருக்குப் போட்டுக் கேக்க எனக்கு வேண்டாம். கார்டுல ஒண்ணும் பேசி அனுப்பாதீங்க." சரி என்றார். எதற்கெடுத்தாலும் மூன்று தடவை சொல்ல வேண்டிய மனுசன், இதை மட்டும் ஒரு தடவையில் கேட்டுக்கொண்டார்.

புது விளக்குமாறு வாங்கினேன்.

அக்டோபர் 31

இன்னொரு படகு வந்தது. நிறையக் கார்டுகள். 'ஆகத்தம்மாள்' கார்டில் நாலு சேதி, நாலு தனித்தனி நாளில் பதிந்தவை. எல்லாவற்றையும் தூக்கித் 'தங்கலில்' போட்டுவிட்டுக் கல்லறைத்தோட்டம் சுத்தம் பண்ணப் போனேன். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான். மாமனார் கல்லறையில் எருக்கஞ்செடி ஆளுயரத்துக்கு நிற்கிறது. வெட்டி, வெள்ளையடித்து, கையெல்லாம் சுண்ணாம்போடு திரும்பி வந்து கேட்டேன். எல்லாம் பளிச்சென்று இருந்தது. டென்னிஸ் அண்ணன் நல்ல சுகம் என்கிறார், சூரை மீன் கொஞ்சம் பட்டிருக்கிறதாம். அந்தோணி தன் மகள் பரீட்சையைக் கேட்கிறார். சிலுவைதாசன் மாமா முட்டுவலித் தைலத்தைப் பற்றியே ஒரு நிமிடம் பேசுகிறார். இவ்வளவு சுத்தமான கடல் தபாலை இந்த ஊர் கேட்டிருக்காது.

நாலில் ஒன்றும் அவருடையது இல்லை.

நவம்பர் 1

கடல் தபால் முடிந்து ஏழரைக்கு நிலையத்துப் போன் அடித்தது. டென்னிஸ் அண்ணனின் மனைவி கிளாரிஸ் அக்கா. பாராட்டப்போகிறார் என்று எண்ணி எடுத்தேன்.

"எடி பெனிட்டா, எனக்க மாப்பிள கடல்ல நிக்காரா, இல்ல கொச்சியில லாட்ஜில கெடக்காரா?"

இதென்ன கேள்வி என்றேன். எஞ்சின் சத்தமே இல்லையே, கட்டிலில் சாய்ந்துகொண்டு பேசுகிற மாதிரி அல்லவா இருக்கிறது என்றார். மீன் பிடிக்கப் போகாமல் ஊர் சுற்றுகிற ஆம்பிளைகளைத் தனக்குத் தெரியும் என்றார். ஃபில்டர், சுவர், முந்நூறு என்று நான் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. ரேடியோக்காரி எதையோ மறைக்கிறாள் என்று முடித்துவிட்டு போனை வைத்தார்.

நாள் முழுக்க உட்கார்ந்து துடைத்த பாத்திரத்தில் அழுக்கு எங்கே என்று கேட்கிறார்கள். எரிச்சலில் சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். மெழுகுதிரி, பூ, கூட்டம். கிளாரிஸ் அக்கா அத்தனை பேர் நடுவிலும் விடவில்லை. "லாட்ஜு ரேடியோ வந்தாச்சு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். மாமனாருக்குத் திரி ஏற்றிக்கொண்டிருந்த எனக்குக் காது சுட்டது. நாளைக்கே நிலையத்துக்கு வாருங்கள், கழுவாத கோப்பைப் போட்டுக் காட்டுகிறேன், எஞ்சின் இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவீர்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. 'தங்கல்' பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதுகிறது. கழுவாத சேதி கார்டில் மட்டும்தான் இருக்கும். காலையில் கடலுக்குக் கிளம்பும் படகில் அந்தக் கார்டை அழித்துத் திருப்பிக் கொடுப்பது வழக்கம்.

நவம்பர் 3

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். கார்டு மேசை டிராயரிலேயே இருந்தது. நேற்று விடுமுறை என்பதால் யாரும் எடுக்கவில்லை.

கிளாரிஸ் அக்கா வருவதற்குள் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று ஹெட்போனை மாட்டினேன். முதல் சேதி, அந்தோணி. எஞ்சின் இரைச்சல் நெஞ்சில் அறைந்தது. பாருங்கள் அக்கா என்று வாய்விட்டே சொன்னேன். இரண்டாவது சேதியைப் போட்டேன்.

இரைச்சல் இல்லை.

மூன்றாவதிலும் இல்லை. நாலாவது டென்னிஸ் அண்ணன், நல்ல சுகம் என்கிறார். அதிலும் இல்லை. நடுக்கடலில் எஞ்சினை நிறுத்திப்போட்டுத் தூண்டில் விடுவது வழக்கம்தான். ஆனால் இவை மூன்று தனித்தனி நாட்கள். ஃபில்டரைத் தலைகீழாகத் திருப்பினேன். முந்நூறுக்கு மேலே இருப்பதை வெட்டினேன், கீழே இருப்பதை விட்டேன். குரல்கள் வெறும் முணுமுணுப்பாயின. அடியில் தண்ணீர் பலகையில் அறைகிற சத்தம். அதோடு இன்னொன்று. டொம். டொம். டொம். கொஞ்சம் நின்று மறுபடியும் டொம்.

அது கைப்பம்பு. படகின் அடியில் ஊறுகிற தண்ணீரை எஞ்சினோடு சேர்ந்த பம்பு தானாக இறைத்துவிடும். கைப்பம்பைத் தொடுகிறார்கள் என்றால் எஞ்சின் செத்துவிட்டது. நான் டிரைவர் பெண்டாட்டி. இந்தச் சத்தத்தைத் துறைமுகத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இதைத்தான் அழுக்கு என்று வெட்டிப் போட்டுவிட்டு, 'பளிச்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கிளாரிஸ் அக்கா சண்டைக்குத் தயாராக முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறி வந்தார். ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "லாட்ஜில கெடந்திருக்கலாமே" என்றார், அவ்வளவு மெதுவாக.

அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு மீனவர் சங்கத்துக்குப் போனேன், ஃபாதரும் வந்தார். கார்டு கொண்டுவந்த படகுக்காரரை அழைத்துக் கேட்டார்கள். தூண்டில் போட்டு ஓய்வாகக் கிடக்கிறோம் என்றுதான் டென்னிஸ் சொன்னாராம். போதிய மீன் இல்லாமல் இன்னொரு படகால் இழுபட்டுக் கரைக்குப் போக அவருக்கு மனசு வந்திருக்காது, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று நம்பியிருப்பார். சங்கச் செயலாளர் ரொசாரியோ இன்னொன்றையும் சொன்னார். எஞ்சின் ஓடாவிட்டால் பாட்டரி ஏறாது. இத்தனை நாளில் வயர்லெஸ்ஸும் செத்திருக்கும். இனி அவர்களே கூப்பிட நினைத்தாலும் முடியாது.

நாளை மறுநாள் அந்தப் பக்கம் காற்று எச்சரிக்கை இருக்கிறது.

நவம்பர் 4

சங்கத்து சாட்டிலைட் போனில், அதே மாதிரி போன் வைத்திருக்கும் ஒன்றிரண்டு படகுகள் மூலம், அந்தப் பக்கத்துக் கடலில் நிற்கும் படகுகளுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. கார்டு வாங்கிய இடம், நீரோட்டம், காற்று எல்லாம் பார்த்து ரொசாரியோ ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோட்டோரமாகப் பார்த்துக்கொண்டே போகிறோம் என்று மூன்று படகுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் செய்வதற்கு இனி ஒன்றும் இல்லை.

மாமியிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னேன். மாமி அழவில்லை. அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தார், புடைத்து முடித்த அரிசியையே.

மதியம் நிலையத்தில் தனியாக உட்கார்ந்து அந்த மூன்று சேதிகளையும் மறுபடி கேட்டேன். முந்நூறுக்குக் கீழே மட்டும். சிலுவைதாசன் மாமா தைலத்தைப் பற்றிப் பேசும்போது அடியில் பம்பு ஓடுகிறது. கொஞ்சம் வேகமாக அடித்து, நின்று, பிறகு மெதுவாக அடிக்கிறது. மறுபடி வேகம், நிறுத்தம், மெதுவு. வலது தோள் வலித்தால் இடது கைக்கு மாற்றுகிறவர்களின் அடி இது. எங்கள் வீட்டுக் கிணற்றடிப் பம்பிலும் அவர் இப்படித்தான் தண்ணீர் அடிப்பார். போன வருடம் அந்தத் தோளுக்கு நான்தான் எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

நாலு சேதியில் ஒன்றும் அவருடையது இல்லை என்று எழுதியிருந்தேன். மூன்றில் இருந்திருக்கிறார். நான்தான் மூன்றிலிருந்தும் அவரை வெட்டி எடுத்திருக்கிறேன். ஹெட்போனைக் கழற்ற முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போகட்டும்.

மாலையில் கடல் தபால் போட்டேன். ஃபில்டர் இல்லாமல். இரைகிறது என்று யாரும் போன் பண்ணவில்லை.

நவம்பர் 5

காற்று. தென்னை ஓலைகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. கிளாரிஸ் அக்கா எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

நவம்பர் 6

கிடைத்துவிட்டார்கள்.

காலை ஜெபமாலை நடுவில் ரொசாரியோ கோயிலுக்குள்ளேயே வந்து சொன்னார். காற்று வடக்கே ஒதுங்கிப் போனதாம். கோட்டிலிருந்து நல்ல தூரம் தள்ளி மிதந்து கிடந்திருக்கிறார்கள். எல்லோரும் சுகம். எஞ்சினில் எண்ணெய்ப் பம்பு உடைந்திருக்கிறது. கண்டுபிடித்த படகில் உதிரிப் பம்பு இருந்ததால் இழுத்து வர வேண்டிய அவசியம் இல்லை, டிரைவரே மாட்டிவிடுவார் என்றார்.

டிரைவரே என்ற சொல்லைக் கேட்டதும் மாமி என் முழங்கையைப் பிடித்தார். நகம் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. கிளாரிஸ் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரட்டும், லாட்ஜுக்குப் போனவனைவிட மோசமாகப் பண்ணுகிறேன் என்றார். யாருக்கும் சிரிப்பு வராமல் இல்லை.

மதியம் சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. மாமியும் நானும் நிறையச் சாப்பிட்டோம்.

நவம்பர் 8

ஓட்டை மாற்ற ஆள் வந்தான். அவன் போன பிறகு மழையும் வந்தது. ஒழுகவில்லை.

நவம்பர் 13

அவர்களைக் கண்டுபிடித்த படகு இன்று கரை சேர்ந்தது. 'ஆகத்தம்மாள்' இன்னும் வரவில்லை. எஞ்சின் சரியானதும் மீன் பிடித்துவிட்டே வருகிறோம் என்று அங்கேயே நின்றுவிட்டார்கள். திருந்துகிற ஜென்மங்களா.

கார்டைச் செருகினேன். இப்போதெல்லாம் முதலில் கழுவாமல் கேட்கிறேன், கார்டில் இருப்பதைத் தனியாக எடுத்தும் வைக்கிறேன். டென்னிஸ் அண்ணன் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்கிறார், கிளாரிஸ் அக்காவுக்கு அது போதாது. சிலுவைதாசன் மாமா மறுபடியும் தைலம். அந்தோணி, இன்னும் இரண்டு பேர். கடைசியில் பேர் இல்லாமல் ஒரு கோப்பு.

ஃபாதர் பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் கேட்டார். பேச்சே இல்லை. கை தவறி அமுங்கியிருக்கும், எடுத்துவிடு என்றார். இருங்கள் ஃபாதர் என்று ஹெட்போனை மாட்டினேன். ஒரு இரும்புச் சத்தம், போல்ட் முடுக்குகிற சாவி விழுகிறது. யாரோ பெருமூச்சு விடுகிறார். பிறகு எஞ்சினைத் திருப்புகிற சத்தம். இழுக்கிறது, திணறுகிறது, நிற்கிறது. மறுபடி இழுக்கிறது, பிடிக்கிறது. தடதடவென்று இருந்தது மெல்ல மெல்ல ஒழுங்காகி, ஒரே சீராக, ஒரு நிமிடம் முழுக்க ஓடுகிறது. யாரும் ஒன்றும் பேசவில்லை. யாரும் கை தவறி அமுக்கவும் இல்லை. போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்திருக்கிறார்.

சத்தத்தை அனுப்பாதீர்கள் என்று நான் சொன்னேன். அவருடைய சத்தத்தை அவர் அனுப்பவில்லை. அந்த மனுசனின் பிடிவாதத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. பிரதி ஒன்றை எடுத்து, சும்மா ஒரு தடவை 'தங்கலில்' போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சவில்லை. 'தங்கலை' அழித்துவிட்டேன். வேண்டுமென்றால் சேதிக்குச் சேதி பார்த்துச் சுவர் வைத்துக்கொள்வேன்.

"இதில் பேரும் இல்லை, வீடும் இல்லை. யாருக்கு வந்ததென்று சொல்லிப் போடுவாய்?" என்று ஃபாதர் கேட்டார்.

"எனக்குத்தான் ஃபாதர்" என்றேன்.

ஏழு மணிக்கு எல்லாச் சேதிகளும் முடிந்த பிறகு, 'ஆகத்தம்மாள் படகிலிருந்து டிரைவர் ததேயூஸ், வீட்டுக்கு' என்று மைக்கில் சொல்லிவிட்டு, கைவைக்காமல் அப்படியே ஓடவிட்டேன். ஒரு நிமிடம். ஊர் முழுக்க அந்த எஞ்சின் ஓடியது.

வீட்டுக்கு வந்தபோது மாமி ரேடியோவை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி எப்போதோ முடிந்து வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தது. இன்னைக்கும் இல்லியா என்று கேட்கவில்லை. சோற்றைப் போட்டு என் பக்கம் நகர்த்தினார். நான் பாதி சாப்பிட்ட பிறகு கேட்டார்.

"நாளைக்கும் போடுவியா மக்களே?"

போடுகிறேன் மாமி என்றேன்.